கை கழுவிவிட்டுத் தொட வேண்டிய நீர்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது, இடப்புறத்தில் மகேந்திரகிரி மலை சிறிது தூரம் கூடவே வரும். மேலப்பாளையத்துக் கல்யாண வீடுகளுக்கும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கும் அவ்வழியே நம்மவர்கள் எத்தனையோ முறை போய் வந்திருப்பார்கள். அம்மலையின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியும். அங்கே எது எரிக்கப்படுகிறது, எரிந்தபின் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால்தான் பெரும்பாலோர் யோசிப்பார்கள்.

மிஞ்சுவது நீர். கிரையோஜெனிக் எனப்படும் கடுங்குளிர் எஞ்சினில் இரண்டே பொருள்கள்தாம் சேர்கின்றன. ஒன்று மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக வைக்கப்பட்ட ஹைட்ரஜன். மற்றது மைனஸ் 183 டிகிரியில் திரவமாக வைக்கப்பட்ட ஆக்சிஜன். இரண்டும் கூடி எரியும்போது பிறப்பது நீராவி. ராக்கெட்டின் பின்னே நீளும் அந்தப் பிழம்பில் பெரும்பகுதி, நாம் உளூச் செய்யும் அதே நீரின் ஆவிதான். முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இச்சமன்பாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். மாணவர்களை விழிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. நெருப்பிலிருந்து நீர் பிறக்கிறது என்றால் பின்வரிசைப் பையனும் தலை நிமிர்வான்.

இதைத் திருப்பிப் போட்டால் வேறொரு செய்தி கிடைக்கும். நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது மீண்டும் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். 9 கிலோ நீரைப் பிரித்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ ஆக்சிஜனும் கிடைக்கும். ஆகவே, விண்வெளியில் நீர் எங்கே இருக்கிறதோ அங்கே குடிநீர் மட்டுமன்றி, மூச்சுக்காற்றும் ராக்கெட்டுக்கு எரிபொருளும் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டபோது அதைச் சுமந்த ராக்கெட்டின் மொத்த எடை ஏறக்குறைய 640 டன். சந்திரயானின் எடை 4 டன்னுக்கும் சற்றுக் குறைவு. நிலாவில் இறங்கிய கலமும் அதனுள்ளிருந்த ஊர்தியும் சேர்ந்து 1.75 டன். எஞ்சியவற்றில் மிகப் பெரும்பகுதி எரிபொருள். அந்த எரிபொருளைத் தூக்குவதற்காக எரித்த எரிபொருள். இவ்வளவையும் பூமியிலிருந்தே சுமந்துகொண்டு மனிதன் நெடுந்தூரம் போக முடியாது. வழியில் ஒரு கிணறு வேண்டும். இன்றைய விண்வெளி ஆய்வு நீரை நாடி அலைவதற்கு இது முதற்காரணம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகள். இயற்பியலில் முதுகலை முடித்த பெண். வயது இருபத்து மூன்று. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆய்வுப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. காற்று இல்லாத கோள்களிலும் நிலவுகளிலும் பனிக்கட்டி எவ்வாறு தங்குகிறது என்பதைப் படிக்க விரும்புகிறாள். அழைப்பு வந்த அன்று மாலை மஃரிபுக்குப் பின் அவளுடைய வாப்பா என் வீட்டுக்கு வந்தார். மரக்கடை வைத்திருப்பவர், வீண் பேச்சுப் பேசாதவர். தேநீரைத் தொடாமலே கேட்டார்:

"மச்சான், நம்ம தெருக் குழாயில வெள்ளம் வந்து அஞ்சு நாளாச்சு. இவளுக்கு வியாழன் கிரகத்துக்குப் பக்கத்துல வெள்ளம் தேடணுமாக்கும்?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: குமரி மாவட்டத்தில் குடிக்கும் தண்ணீருக்கும் வெள்ளம் என்றே பெயர்.

அவருடைய கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாட்டில் பலரும் கேட்கும் கேள்விதான் அது. கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆனால் அதற்குள் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது: அங்கே தேடுவதால்தான் இங்கே வரவில்லை என்ற கணக்கு. எங்கள் மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுகிற மாவட்டம். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பழையாறும் அதைச் சார்ந்த குளங்களும் அணைக்கு மிக முந்தியவை. இத்தனையும் இருக்கும் மண்ணில் ஒரு தெருக்குழாய் ஐந்து நாள் வறண்டிருந்தால், அதற்கான காரணத்தைத் தூர்ந்த கால்வாயிலும் கவனிப்பாரற்ற குழாயிலும்தான் தேட வேண்டும். யூரோப்பாவை யாரும் ஆராயாமல் விட்டாலும் எங்கள் தெருவுக்கு ஒரு குடம் கூடுதலாக வந்துவிடாது. இதை அவரிடம் சொன்னேன். "அது சரி மச்சான்" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. குழாய்க்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கிறது என்பது அப்போது விளங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நிலாவைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டுக்கு இத்தேடலில் ஓர் உரிமைப் பங்கு இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1க்குத் திட்ட இயக்குநர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. சுற்றிவரப் போகும் கலத்திலிருந்து ஒரு சிறு பெட்டியை நிலாவின் தரையில் மோதவிடலாமே என்று யோசனை கூறியவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள். அப்பெட்டி 2008 நவம்பர் 14 அன்று நிலாவின் தென்துருவப் பகுதியில் விழுந்தது. விழுந்துகொண்டிருந்த ஏறக்குறைய 25 நிமிடங்களில் அதிலிருந்த ஒரு கருவி நீராவியின் தடயத்தைக் கண்டது. அதே சந்திரயானில் நாசா பொருத்தியிருந்த மற்றொரு கருவி, நிலத்தின் மேற்பரப்பில் நீர் மூலக்கூற்றின் அடையாளத்தைப் பரவலாகக் கண்டது. 2009 செப்டம்பரில் அச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த மாதமே நாசா தன் ராக்கெட் ஒன்றின் பகுதியைத் தென்துருவப் பள்ளம் ஒன்றில் மோதவிட்டு, எழுந்த புழுதியில் நீர் இருப்பதை உறுதிசெய்தது. சந்திரயான்-1 திரட்டியவற்றை மீண்டும் அலசி, நிழலான பள்ளங்களில் பனிக்கட்டி மேற்பரப்பிலேயே கிடக்கிறது என்று 2018இல் எழுதினார்கள். 312 நாள்கள் மட்டுமே இயங்கிய ஒரு கலத்தின் பதிவுகள் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசின.

ரமலான் பிறைக்காக நாம் அண்ணாந்து தேடும் அதே நிலாவின் தென்கோடியில், பல கோடி ஆண்டுகளாக ஒரு கீற்று வெயிலும் படாத பள்ளங்கள் உள்ளன. நிலாவின் அச்சு ஏறக்குறைய நிமிர்ந்தே இருப்பதால் துருவத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றும்; ஆழமான பள்ளத்தின் அடியை அதன் ஒளி ஒருபோதும் எட்டாது. சந்திரயான்-3 இறங்கிய இடம் துருவத்துக்கு இன்னும் வெகுதூரம் தள்ளியது. அங்கேயே பகலில் தரை 50 டிகிரிக்கு மேல் சுட்டது. வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. நான்கு விரல் ஆழத்துக்குள் இவ்வளவு வேறுபாடு. அப்படியென்றால் என்றும் நிழலாகவே இருக்கும் பள்ளத்தின் குளிரை ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் குளிரில் வந்து சேர்ந்த நீர் ஓடவுமில்லை, ஆவியாகவுமில்லை.

இங்கே நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குளத்துக்கு வரத்துக் கால் எது? மழை பெய்து நிரம்புகிற குளம் அன்று. வால்விண்மீன்களும் விண்கற்களும் கொண்டு வந்தது, சூரியக் காற்று உண்டாக்கியது என்று பல வழிகளைச் சொல்கிறார்கள். எவ்வழியாயினும் மனிதக் கணக்கில் அது நிரம்பும் குளமன்று. எடுத்தால் எடுத்ததுதான். முதலில் போகிறவர் தலைமடைக்காரர். பின்னால் போகிறவர் கடைமடைக்காரர். தலைமடைக்காரர் வாய்க்காலை முழுவதும் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நாஞ்சில் நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கம் உருவானதே அதனால்தான்.

விண்வெளியில் இந்த முறை இன்னும் சரியாக வகுக்கப்படவில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, எந்த நாடும் நிலாவைத் தன் உடைமையென்று கோர முடியாது என்கிறது. ஆனால் அங்கிருந்து தோண்டியெடுத்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015இல் சட்டம் செய்தது. நிலாவின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று கூறும் 1979ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை இந்தியா கையெழுத்திட்டதோடு நிறுத்திக்கொண்டது. பிறகு 2023 ஜூனில் அமெரிக்கா முன்னின்று நடத்தும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் சேர்ந்தது. சீனாவும் ரஷ்யாவும் தென்துருவத்தில் நிலையம் அமைக்கத் தனியே திட்டமிடுகின்றன. நீர், மேய்ச்சல் புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று நபிமொழி வழியே அறிந்திருக்கிறோம். இக்கொள்கையை ஃபிக்ஹு நூல்கள் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் விரிவாகப் பேசின. நிலாவின் பள்ளத்துக்கு அதை யார் பேசுவது? நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராவது அந்த மேசையில் இருக்க வேண்டாமா? மாப்பிள்ளையிடம் நான் வைத்த இரண்டாவது வாதம் இது. சந்திரயான்-5 திட்டத்துக்கு 2025இல் அரசு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஜப்பானோடு சேர்ந்து ஊர்தி ஒன்றைத் தென்துருவப் பகுதிக்கு நீர் தேடி அனுப்பப் போகிறார்கள். அத்திட்டத்தை அறிவித்த இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் நாகர்கோவிலுக்குப் பக்கத்து மேலக்காட்டுவிளைக்காரர். சந்திரயானைத் தூக்கிச் சென்ற கிரையோஜெனிக் அடுக்கை உருவாக்கிய திட்டத்தின் இயக்குநராக இருந்தவரும் அவரே. முன்னர் இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர். இருவரும் தமிழ்வழியில் படித்தவர்கள். நம் தெருவிலிருந்து அவ்வூர்கள் எவ்வளவு தூரம் என்பது மாப்பிள்ளைக்கே தெரியும்.

ஆயினும் தங்கை மகளின் மனம் நிலாவில் இல்லை. "நிலாவில் இருப்பது கல்லாய்க் கிடக்கிற நீர், மாமா. யூரோப்பாவில் இருப்பது கடல்" என்றாள்.

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை கலிலியோ 1610 ஜனவரியில் கண்டார். அவற்றுள் யூரோப்பா நம் நிலாவைவிடச் சற்றே சிறியது. சூரியனிலிருந்து வியாழன் பூமியைப்போல் ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதால் அங்கே கிடைக்கும் வெயில் நமக்குக் கிடைப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். மேற்பரப்பு மைனஸ் 160 டிகிரி, எல்லாம் பனிக்கட்டி. ஆனால் அந்த ஓட்டுக்கு அடியில் உப்புக்கடல் இருப்பதற்கான வலுவான சான்றுகளை கலிலியோ என்றே பெயரிடப்பட்ட விண்கலம் 1990களில் திரட்டியது. பனி ஓட்டின் தடிமன் 15 முதல் 25 கிலோமீட்டர் இருக்கலாம் என்பதும், பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ள நீரைப்போல் இரு மடங்கு அங்கே இருக்கலாம் என்பதும் இன்றைய கணிப்பு.

வெயில் இல்லாத இடத்தில் நீர் உறையாதிருப்பது எப்படி? ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள். வளைகிற இடம் சுடும். யூரோப்பா வியாழனை மூன்றரை நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் பாதை முழு வட்டமாக அமையவிடாமல் அயோ, கானிமீட் என்னும் பக்கத்து நிலவுகள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் வியாழனை நெருங்கியும் விலகியும் செல்கிறது. நெருங்கும்போது வியாழனின் ஈர்ப்பு அதைப் பிசைகிறது, விலகும்போது தளர்த்துகிறது. குமரிக் கரையில் கடல் ஏறி இறங்குவதற்குக் காரணமான அதே விசைதான். இங்கே நம் கண்ணுக்குத் தெரிவது நீரின் அசைவு. அங்கே நிலவே நெளிகிறது. அந்த நெளிவில் பிறக்கும் வெப்பம் கடலை உறையாமல் காக்கிறது.

சனிக்கோளின் என்செலடஸ் இன்னும் சிறியது. நாகர்கோவிலில் ரயில் ஏறி விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் அதன் குறுக்களவான 500 கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். இவ்வளவு சிறிய உருண்டையின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு எழுவதை காசினி விண்கலம் 2005இல் கண்டது. பின்னர் அத்தாரைக்குள்ளேயே பலமுறை புகுந்து வெளியே வந்தது. 2015 அக்டோபரில் தரைக்கு மேலே 49 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது ஹைட்ரஜனையும் கண்டது. நம் பெருங்கடல்களின் அடியில் சூரிய ஒளியே படாமல் வாழும் நுண்ணுயிர்கள் சிலவற்றுக்கு ஹைட்ரஜன்தான் உணவு. பனித்துகளில் உப்பும், உயிர்கள் அனைத்துக்கும் வேண்டிய பாஸ்பரஸும் இருப்பது பின்னாய்வுகளில் தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. உயிர் வாழ ஏற்ற நீர் இருக்கிறது என்பது மட்டுமே இதுவரையுள்ள முடிவு.

இவ்விடத்தில் என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிலருக்குப் பிடிக்காமலும் போகலாம். இத்தகைய செய்தி வந்ததும் அல்-அன்பியா அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிவிட்டு, விஞ்ஞானம் இப்போதுதான் கண்டுபிடித்தது என்று பெருமை பேசும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. நீரையும் உயிரையும் இணைத்துப் பேசும் அவ்வசனத்தின் மீது எனக்குள்ள ஈமான் அறிஞர் ஒருவரின் கட்டுரையால் கூடவுமில்லை. நாளை அக்கட்டுரை திருத்தப்பட்டால் குறையவும் போவதில்லை. ஆய்வு முடிவுகள் மாறும் இயல்புடையவை. வேதத்தை அவற்றோடு முடிச்சுப் போடுவது வேதத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம் மார்க்கம் இவ்விஷயத்தில் பேசுகிற இடம் வேறு என்று நினைக்கிறேன். அது நீரை அணுகும் ஒழுக்கம்.

சிறுவயதில் எங்கள் பள்ளிவாசல் ஹவுளில் கால் கழுவப்போன என்னை மோதினார் தோளைப் பிடித்து நிறுத்தினார். கரையில் உட்கார்ந்து, நீரைக் கையால் அள்ளி வெளியே விட்டுக் கழுவ வேண்டும். அழுக்குக் காலை உள்ளே விடக்கூடாது. மதரஸாவில் ஆலிம்சா கற்பித்ததும் இதுவே. தேங்கிய நீரை அசுத்தம் செய்யாதே. உறங்கி எழுந்ததும் கையைக் கழுவாமல் நீர்ப் பாத்திரத்துக்குள் விடாதே, இரவில் உன் கை எங்கே இருந்தது என்பது உனக்குத் தெரியாது. இரண்டும் நபிமொழிகளின் வழியே வந்த ஒழுங்குகள். எங்களைப் போன்ற ஷாஃபிகளுக்கு இரண்டு குல்லத் கணக்கும் உண்டு: அந்த அளவுக்குக் குறைந்த நீரில் அசுத்தம் விழுந்தால் நிறம், மணம், சுவை மாறாவிட்டாலும் அது சுத்தம் இழந்துவிடும். அப்போது இவை சிறுவர்களை அதட்டுவதற்கான விதிகள் என்றே எண்ணியிருந்தோம்.

காசினியின் முடிவைப் படித்தபோது ஹவுள்கரைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. 13 ஆண்டுகள் சனியைச் சுற்றிய கலத்தில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் என்றாவது ஒருநாள் என்செலடஸ் மீது மோதக்கூடும். பூமியில் கட்டப்பட்ட கலம் அது. அதில் ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர்கள் எங்கேனும் ஒரு மூலையில் உறக்கத்தில் இருக்கலாம். மின்சாரத்துக்காக வைக்கப்பட்ட புளூட்டோனியத்தின் சூடு வேறு இருந்தது. பனியை உருக்கி உள்ளே இறங்க அது உதவிவிடலாம். ஆகவே, தாமே கட்டிய கலத்தை 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தி எரித்துவிட்டார்கள். 2003 செப்டம்பர் 21 அன்று கலிலியோ கலத்தை வியாழனுக்குள் விழச்செய்ததும் யூரோப்பாவின் கடலைக் காப்பதற்காகவே. கையைக் கழுவ வழியில்லாதபோது கையை விலக்கிக்கொள்வதுதானே முறை?

அங்கே உயிர் இருக்கிறதா என்று எவருக்கும் தெரியாது. இருந்தால் அதற்கு ஊறு செய்யக்கூடாது என்பதற்காகக் கோடிக்கணக்கான பணமும் வாழ்நாள் உழைப்பும் செலவிட்ட கலம் அழிக்கப்பட்டது. கோஸ்பார் என்னும் பன்னாட்டு அமைப்பு இதற்கென்றே விதிகள் வகுத்திருக்கிறது. யூரோப்பாவின் கடலில் பூமியின் நுண்ணுயிர் கலப்பதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும்படி கலத்தை அமைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நான் அறிந்தவரை மனிதர்கள் பிற உயிர்களிடம், அவை உண்டா இல்லையா என்பதே தெரியாத நிலையில் காட்டிய மரியாதை இதற்குமுன் இல்லை. அதே மனிதர்கள்தாம் இங்கே ஆற்றில் சாக்கடையைத் திறந்துவிடுகிறார்கள் என்பதையும் மறந்துவிட முடியாது. பழையாற்றின் இன்றைய நிறத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வேறொரு வினாவும் நம் வீடுகளில் எழும். என் பேரன் கேட்டேவிட்டான். விண்வெளியில் உளூ எப்படி? 2007 அக்டோபரில், அதுவும் ரமலான் மாதத்தில், மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுக்கூர் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றபோது அந்நாட்டு ஆலிம்கள் கூடி வழிகாட்டிக் குறிப்பே வெளியிட்டார்கள். தயம்மும் போன்ற சலுகைகள் அதில் இருந்தன. அந்நிலையத்தில் வியர்வை, சிறுநீர் உட்பட எல்லா ஈரத்தையும் சுத்திகரித்து 98 விழுக்காடு நீரை மீட்பதாக 2023இல் நாசா அறிவித்தது. அந்த நீரின் சட்டம் என்ன என்பதை நம் மதரஸாக்களில் மேல்வகுப்பு மாணவர்கள் விவாதித்தால் நல்ல பாடமாக இருக்கும். நகரங்களில் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் காலம் வந்துவிட்டபடியால் அது விண்வெளிக்கு மட்டும் உரிய பாடமும் அன்று.

இனி மாப்பிள்ளையின் மற்றக் கேள்வி. அதை அவர் வாய்விட்டுக் கேட்க இரண்டு நாளாயிற்று. பெண்பிள்ளை தனியே, மொழி தெரியாத ஊரில், ஐந்து ஆண்டு. உறவில் ஒரு வரன் வேறு பேச்சில் இருக்கிறது. இவ்வளவு படித்து, எட்டாத ஒரு நிலவைப் பற்றி எழுதி, நம் சமுதாயத்துக்கு என்ன ஆகப்போகிறது? இதற்குச் சமன்பாடு எதுவும் என்னிடம் இல்லை. தகப்பனின் அச்சத்தை அறியாமை என்று சொல்லிவிடும் துணிவும் எனக்கில்லை. ஒன்றை மட்டும் சொன்னேன். நம் பெண்களை ஆசிரியப் படிப்புக்கு அனுப்பவும் ஒருகாலத்தில் இதே கேள்வியைக் கேட்டோம். அவருடைய மனைவியை, அதாவது என் தங்கையை, அனுப்பிய அன்று கேட்டவர் என் வாப்பா. அவள் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள். தங்கை அப்போது அடுக்களை வாசலில்தான் நின்றிருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

பேசியவள் மகள். காகிதமொன்றில் ஆண்டுகளை எழுதிக்கொண்டு வந்து வாப்பாவின் முன்னே வைத்தாள். ஐரோப்பாவின் ஜூஸ் கலம் 2023 ஏப்ரல் 14 அன்று புறப்பட்டுவிட்டது. 2031 ஜூலையில் வியாழனை அடையும். 2034இல் கானிமீடைச் சுற்றத் தொடங்கும். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்டது. 2030 ஏப்ரலில் போய்ச் சேரும். யூரோப்பாவை 49 முறை நெருங்கிப் பறந்து, பனி ஓட்டை ரேடாரால் துருவிப் பார்க்கும். இரண்டிலும் இந்தியக் கருவி இல்லை. ஆனால் அவை அனுப்பும் பதிவுகள் பின்னர் எல்லோருக்கும் திறந்து வைக்கப்படும். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கலாம். "அது போய்ச் சேருகிறபோது எனக்கு இருபத்தேழு வயது வாப்பா. அதற்குள் நான் படிக்கக் கற்றிருக்க வேண்டும்" என்றாள்.

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அகமதாபாத்தில் சீதி சையது பள்ளிவாசலில் கல்லில் மரக்கிளைபோல் செதுக்கிய ஜன்னல் இருக்கிறதாமே, அது ஆய்வுக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். மரவேலை அறிந்தவர் அல்லவா, அதன் படம் அவருடைய கடைச் சுவரில் பல ஆண்டுகளாகத் தொங்குகிறது.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. அவரும் உடன் போகிறார். தேர்வாகிவிட்டால் என்ன செய்வது என்று தங்கை கேட்டதற்கு, "வந்து பேசுவோம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வரன் வீட்டாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.